ஊர்ச்சபைக்கு மட்டும் பூட்டா?



எதிரணியிலே பேசிய அம்மையார், "கொள்ளைநோய்க் காலத்துல உரிமை பேசறது, வீடு பத்தி எரியறப்ப பட்டா கேக்கற மாதிரி"ன்னாங்க. நானே கை தட்டினேன். ஊரடங்கு தப்பு என்று நான் வாதாட வரவில்லை. முகக்கவசம் போடாதவருக்கு 200 ரூபாய் அபராதம், அதுவும் சரி. 1939லேயே பொது சுகாதாரத்துக்குத் தனிச் சட்டம் கண்ட மாகாணம் நம்முடையது.

என் கேள்வி வேறு. எதைப் பூட்டினாங்க? எதைத் திறந்தாங்க?

2020 மே 7. கோயில் பூட்டு, பள்ளிக்கூடம் பூட்டு. டாஸ்மாக் திறந்தாச்சு! (சிரிப்பு) மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம், இடைவெளி விதிகளைக் காற்றிலே விட்டுட்டீங்க, மூடுங்கன்னு உத்தரவு போட்டது. அரசு டில்லிக்கு ஓடியது. மே 15இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை கொடுத்தது. மனசு இருந்தால் ஒரே வாரத்தில் வழி பிறக்கிறது பாருங்கள்!

அதே ஆண்டு அக்டோபர் 2. கிராம சபை கூடவேண்டிய நாள். கொரோனாவைச் சொல்லி ரத்து. காந்தி ஜெயந்திக்கு டாஸ்மாக்கும் லீவுதானே, ரெண்டுக்கும் பூட்டு, சமத்துவம்னு நீங்க சொல்லலாம். மூணாந்தேதி காலையில ஒண்ணு திறந்துச்சே ஐயா, இன்னொண்ணு? (பலத்த கைதட்டல்)

இந்த ஊரின் கதை அதைவிடக் கொடுமை. ஐந்தாண்டு முடிவதற்குள் ஊராட்சித் தேர்தலை நடத்தி முடிக்கணும் என்பது 73ஆவது திருத்தம் தந்த அரசியல் சட்டக் கட்டளை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. அப்புறம் வழக்கு, வார்டு மறுவரையறை, தனி அதிகாரி. 2019 டிசம்பரில் மற்ற மாவட்டங்களிலே தேர்தல் நடந்தது. காஞ்சிபுரம் உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களுக்கு உச்ச நீதிமன்றம் நான்கு மாத அவகாசம் கொடுத்தது. அதற்குள்ளே கொரோனா வந்து சேர்ந்தது. சாக்குக்குக் கேக்கணுமா? கடைசியில் தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில். அஞ்சு வருஷம்!

நோய் வந்து வீட்டு வாசலில் தகரம் அடிச்சப்போ, கிருமிநாசினி யார் தெளிப்பான்னு கேக்க, இங்கே கிராமங்களிலே நம்ம ஓட்டு வாங்கின ஒரு தலைவர் கிடையாது. வார்டு உறுப்பினரும் கிடையாது.

அதுவும் எந்த ஊரில்? வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் போய்ப் பாருங்கள். முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919, 921. முப்பது குடும்பு, குடவோலை, பெயரைக் குடத்தில் போட்டு ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது. அவன் மட்டுமா? அவன் சொந்தக்காரனும் நிற்க முடியாது! மச்சான் பேரில் நிக்கற வித்தையை அன்னிக்கே கல்லில் அடைச்சுட்டான் ஐயா. (சிரிப்பு)

1897இல் வெள்ளைக்காரன் பம்பாய்ப் பிளேக்குக்குக் கொண்டுவந்த தொற்றுநோய்ச் சட்டம் நாலே பிரிவு. நாலாவது என்ன? நல்லெண்ணத்தோட செய்ததுக்கு யார் மேலும் வழக்குப் போட முடியாது! நூற்றாண்டு கழித்து, 2020லும் நாம் தூசி தட்டி எடுத்தது அதைத்தான்.

கூட்டம் கூடினால் கிருமி பரவும் என்கிறார் அம்மையார். அப்படியே இருக்கட்டும். 2021 ஏப்ரல் 6, சட்டமன்றத் தேர்தல். உத்திரமேரூர்த் தொகுதியிலே வரிசையில் நின்று மை வைத்துக்கொண்டோமே, அன்னிக்குக் கிருமி லீவு போட்டுப் போயிடுச்சா? எம்.எல்.ஏ.வுக்கு ஓட்டுப் போட்ட கை, ஊராட்சித் தலைவருக்குப் போட்டா மட்டும் ஒட்டிக்குமா?

இதுக்கு மட்டும் பதில் சொல்லச் சொல்லுங்க நடுவர் அவர்களே, மணி அடிச்சுட்டீங்க, நான் உட்கார்ந்துக்கறேன்.