வந்தவர் எத்தனை பேர்?

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இரயில் எட்டிப் பாராத இந்தக் குமுளியில், ஓர் இரயில்வே குமாஸ்தாவை மேடையேற்றியிருக்கின்றீர்கள். நான் மெட்ரிகுலேஷன் வரை படித்தவன், சொற்பொழிவாளன் அல்லன். மலைக்குக் கீழே, பயணச்சீட்டுக் கணக்கு எழுதிக் காலம் கழிப்பவன். ஆகவே எனக்குத் தெரிந்த கணக்கைப் பற்றியே பேச எண்ணுகின்றேன். ஆனால் அது இரயில் கணக்கன்று. நம் சங்க வலைத்தளத்தின் கணக்கு.

முதற்கண் ஒரு பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும். சென்ற ஆண்டு இதே மேடையில் பெரியதோர் எண்ணைச் சொல்லி, "இத்தனை பேர் நம் வலைத்தளத்தைக் கண்டு சென்றனர்" என்று பெருமையுடன் அறிவித்தேன். நீங்களும் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலைத் திருப்பித் தரவே இன்று வந்திருக்கின்றேன். நான் சொன்ன எண் பொய்யன்று. ஆனால் அது மனிதர்களின் எண் அன்று. அஃது எப்படி என்பதைச் சொல்லுகின்றேன்.

நம் ஊர் எல்லையில் உள்ள சோதனைச் சாவடியை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு பதிவேடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். எந்த வண்டி, எத்தனை மணிக்கு, எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது, உள்ளே விட்டார்களா இல்லையா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதப்படும். வலைத்தளத்தைத் தாங்கி நிற்கும் சேவையகமும் இவ்வாறே செய்கின்றது. யார் எதைக் கேட்டாலும் ஒரு வரி எழுதி வைக்கின்றது. அந்த ஏட்டுக்கு 'லாக்' என்று பெயர். கேட்டவரின் இணைய முகவரி, நாள், நேரம், கேட்ட பக்கம், விடையின் எண், அனுப்பிய அளவு, எந்தப் பக்கத்திலிருந்து வந்தார், எந்தக் கருவியில் பார்த்தார் என்னும் எட்டுச் செய்திகளும் ஒரே வரியில் அடங்கும். விடை 200 என்றால் கேட்டது கிடைத்தது. 304 என்றால் முன்பே பெற்ற பிரதியே போதும். 404 என்றால் கேட்டது இங்கு இல்லை.

ஆயிரக்கணக்கான இவ்வரிகளைக் கையால் கூட்ட இயலாது. அதற்கென்றே மென்பொருள்கள் எழுந்தன. 1995இல் கேம்பிரிட்ஜில் ஸ்டீபன் டர்னர் 'அனலாக்' என்பதை ஆக்கினார். 1997இல் பிராட்ஃபோர்டு பாரெட் 'வெப்அலைசர்' என்பதை வெளியிட்டார். அதன்பின் பிரெஞ்சு நாட்டவரான லாரன் டெஸ்டேயர் 'ஏடபிள்யூஸ்டாட்ஸ்' என்பதைப் படைத்தளித்தார். இவை விலையின்றிக் கிடைப்பவை. இறுதியில் சொன்னதையே நாம் அமைத்தோம். அது பழைய கருவிதான். எனினும் சிறிய சங்கத்தின் தேவைக்குப் போதுமானது.

நம் காலனியைச் சேர்ந்த பொறியியல் மாணவர் ஒருவர் துணை நிற்க, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை முடிந்தது. மென்பொருளுடன் வரும் மாதிரி அமைப்புக் கோப்பைப் பிரதி எடுத்து, நம் தளத்தின் பெயரிட்டோம். அதில் முக்கியமாக நிரப்ப வேண்டியவை நான்கு: லாக் ஏடு இருக்கும் இடம், அதன் வரிவடிவம், தளத்தின் பெயர், கணக்கில் சேர்க்கக் கூடாத நம் சொந்த முகவரிகள். வரிவடிவத்தில் கவனம் வேண்டும். சேவையகம் 'காமன்' என்னும் குறுவடிவில் எழுதினால், எங்கிருந்து வந்தார், எக்கருவியில் பார்த்தார் என்னும் இரண்டும் விடுபட்டுப் போகும். 'கம்பைண்டு' என்னும் முழுவடிவே வேண்டும்.

இன்னொன்று, வரிசை. பேரேட்டில் பத்தாம் தேதியை எழுதியபின் ஐந்தாம் தேதியைச் செருகலாமா? இம்மென்பொருளும் அதற்கு இடங்கொடாது. பழைய ஏட்டை முதலிலும் புதியதைப் பின்னரும் கொடுத்தல் வேண்டும். சேவையகம் ஏட்டை மாற்றுமுன் கணக்கு ஏறிவிட வேண்டும். அதனால் நாள்தோறும் நள்ளிரவில் தானாகவே கணக்கு ஏறுமாறு நேரம் குறித்து வைத்தோம்.

இனி என் பிழைக்கு வருகின்றேன். ஒரு லாரியில் நூறு மூட்டை ஏலக்காய் வருகின்றது. "நூறு வந்தது" என்று சொல்லலாம். வந்த லாரி ஒன்றுதான். நம் முகப்புப் பக்கத்தை ஒருவர் திறந்தால், பக்கம் ஒன்று, படங்கள் பல, அலங்காரக் கோப்புகள் சில எனப் பல வேண்டுகோள்கள் எழுகின்றன. இவை ஒவ்வொன்றும் ஒரு 'ஹிட்'. பொங்கல் விழாப் படங்களை நாம் ஏற்றிய மாதத்தில் ஹிட் பெருகியது, வாசகர் பெருகவில்லை. நான் மேடையில் படித்தது ஹிட் கணக்கு! மூட்டையை எண்ணிவிட்டு லாரி என்று சொன்னவன் நான்.

பக்கங்களின் எண்ணிக்கை இதைவிட மேல். வருகைகளின் எண்ணிக்கை அதைவிட மேல். ஆனால் வருகை என்பதும் ஒரு வழக்கே. ஒருவர் சென்று ஒரு மணி நேரம் கழித்து வந்தால், ஏடபிள்யூஸ்டாட்ஸ் அதைப் புதிய வருகை என்று கொள்ளும். வெப்அலைசர் அரை மணி நேரத்திலேயே அவ்வாறு கொள்ளும். ஒரே ஏட்டுக்கு இரு கணக்கு வருவது இதனாலேயே.

ஆட்களை எண்ணுவது இன்னும் கடினம். கைப்பேசி நிறுவனங்கள் பலரை ஒரே முகவரியின் பின்னால் நிறுத்திவிடுகின்றன. ஒரே மனிதர் வீட்டில் ஒரு முகவரியும் கடைத்தெருவில் வேறு முகவரியும் பெறுகின்றார். நம் ஆண்டு மலர் ஒரு பிரதியை நான்கு குடும்பங்கள் படிப்பதில்லையா? அதுபோலத்தான். போதாக்குறைக்கு இயந்திரங்களும் வருகின்றன. கூகுள் போன்ற தேடுபொறிகளின் ஊர்திகள் இரவு பகல் பாராது பக்கங்களைப் புரட்டுகின்றன. தம் பெயரைச் சொல்லி வருபவற்றை மென்பொருள் தனியே ஒதுக்கிவிடும். மாறுவேடத்தில் வருபவை மனிதரோடு கலந்துவிடும். பிளாட்பாரச் சீட்டு வாங்கியவரையெல்லாம் பயணி என்று கணக்கெழுதினால் என் மேலதிகாரி என்ன சொல்லுவார்!

அப்படியானால் இக்கணக்கினால் பயன் யாது என்று கேட்பீர்கள். பயன் உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

ஞாயிறு தமிழ் வகுப்பில் பிள்ளைகள் குறைந்துவிட்டனர் என்பதும், அதை நிறுத்திவிடலாமா என்று செயற்குழுவில் பேச்செழுந்ததும் உங்களுக்குத் தெரியும். "பெற்றோர்க்கே தமிழில் அக்கறை இல்லை" என்று அன்று சொன்னவர்களுள் நானும் ஒருவன். பின்னர் ஓரிரவு, 404 பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாதந்தோறும் ஒரே கோப்பு திரும்பத் திரும்ப வந்தது. அது தமிழ் வகுப்பின் சேர்க்கைப் படிவம்!

இயந்திரங்களின் வேலையோ என்று முதலில் ஐயுற்றேன். அப்பட்டியல் எங்கிருந்து வந்தனர் என்பதையும் காட்டும். அவர்கள் வந்தது நம் முகப்புப் பக்கத்திலிருந்தே. லாக் ஏட்டைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் கைப்பேசிகள். நேரமோ தோட்ட வேலை முடிந்து வீடு திரும்பும் மாலை வேளை. தளத்தைச் செப்பனிட்டபோது படிவத்தின் பெயரை மாற்றியவன் நான். முகப்பில் இருந்த இணைப்பை மாற்ற மறந்தவனும் நானே. பெற்றோர் வந்து கதவைத் தட்டியிருக்கின்றனர். கதவை நாம் பூட்டி வைத்துவிட்டு, ஒருவரும் வரவில்லை என்று குறை சொல்லியிருக்கின்றோம்.

அன்றிரவே பழைய முகவரிக்கு வருவோரைப் புதிய இடத்துக்கு அனுப்புமாறு திருத்தினோம். இவ்வாண்டு சேர்ந்த பிள்ளைகளுள் சிலருடைய பெற்றோர், படிவத்தைத் தளத்திலிருந்தே எடுத்ததாகக் கூறினர். வகுப்பு நடந்துகொண்டிருக்கின்றது. அப்பிள்ளைகள் சற்று முன்னர் இம்மேடையில் பாடியதை நீங்களே கேட்டீர்கள்.

எச்சரிக்கை இரண்டு சொல்லி முடிக்கின்றேன். ஒன்று, இக்கணக்குப் பக்கத்தை ஊரார் அனைவர்க்கும் திறந்து வைத்தல் ஆகாது. 2005இல் இதே மென்பொருளில் கண்ட ஓட்டை வழியே கயவர் பல சேவையகங்களுக்குள் நுழைந்தனர். ஆகையால் மென்பொருளைப் புதுப்பித்துக் கடவுச்சொல்லுக்குள் வைத்தல் வேண்டும். மற்றொன்று, லாக் ஏட்டில் இருப்பது மக்களின் நடமாட்டம். தனிநபர் தரவுக்கெனவே 2023இல் நம் நாட்டில் சட்டம் வந்துவிட்டது. சட்டம் இல்லாவிடினும், யார் வீட்டார் எதைப் படித்தனர் என்று துருவுவது பண்பன்று. கூட்டுத்தொகையை வைத்துக்கொண்டு பழைய ஏடுகளை அழித்துவிடுவோம்.

பெரியோர்களே! இவ்வாண்டு நான் பெரிய எண் எதையும் படிக்கப் போவதில்லை. எத்தனை பேர் வந்தனர் என்று கேட்டுப் பெருமை கொள்வதைவிட, வந்தவருள் எத்தனை பேர் வெறுங்கையுடன் திரும்பினர் என்று கேட்பதே சங்கத்துக்கு அழகு. இனி ஒவ்வொரு செயற்குழுக் கூட்டத்திலும் அந்த ஒரு கேள்விக்கு நான் விடை கொண்டு வருவேன். குறை கண்டால் கண்டிப்பது உங்கள் கடமை.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!