சரியாயிடுச்சு, தாத்தா!

இந்தப் புத்தகத் திருவிழாவில் எனக்குக் கொடுத்த தலைப்பு, 'ஆங்கிலம் கற்பிக்க ஏ.ஐ.: ஆய்வாளர்கள் முதலில் எதைத் தேடவேண்டும்?' இதை வாசித்து முடிப்பதற்குள்ளேயே என் நேரத்தில் பாதி போய்விட்டது. (சிரிப்பு)

எங்கள் ஊரில் ஒரு வாத்தியார். பேர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. நான் ஆறாம் வகுப்பு. 'சந்தைக்குப் போனேன்' என்பதை 'ஐ கோயெட் டு மார்க்கெட்' என்று எழுதிவிட்டேன். வகுப்பே சிரித்தது. அவர் சிவப்பு மையைத் தொடவில்லை.

"நடந்தேன்னா என்னடா?"

"வாக்டு, சார்."

"அதே கணக்கைத்தான் இங்கயும் போட்டியா? மூளைதான்டா உனக்கு! ஆனா இந்தச் சொல்லு கணக்குக்கு அடங்காது. வேற எதெல்லாம் அடங்காதுன்னு தேடிட்டு வா."

அரிக்கேன் வெளிச்சத்தில் ராத்திரி முழுக்கத் தேடினேன். இன்றைக்கும் மறக்கவில்லை. மாணவன் செய்யும் பிழை அவன் எப்படிக் கற்கிறான் என்பதற்குச் சாட்சி என்று 1967-ல் பிட் கார்டர் என்ற அறிஞர் கட்டுரை எழுதினார். எங்கள் வாத்தியார் அதைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்!

இப்போது என் பேரன் அதே பிழையைப் போனில் தட்டுகிறான். மொத்தக் கட்டுரையும் வெள்ளையும் சொள்ளையுமாக வந்து நிற்கிறது. "ஏன்டா மாறிச்சு?" என்றேன். "தெரியலை. சரியாயிடுச்சு, தாத்தா!"

'இனி வாத்தியாரே வேண்டாம்' என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்கள் சிலர். அவர்கள் வீட்டுப் பிள்ளை சாயங்காலம் எங்கே போகிறது? டியூஷனுக்கு! (கைதட்டல்) போதும், போதும். விழாத் தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார்.

வாத்தியாருக்குப் பதில் ஏ.ஐ. போதுமா? துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் பிள்ளைகளிடம் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். ஏ.ஐ. கையில் இருந்தபோது பயிற்சியில் 48 சதவீதம் முன்னே போனார்கள். பிடுங்கிவிட்டுப் பரீட்சை வைத்தால், ஏ.ஐ.யைத் தொடாத பிள்ளைகளைவிட 17 சதவீதம் பின்னே! விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி ஏ.ஐ.யை மாற்றியபோது அந்தச் சரிவு பெரும்பாலும் காணாமல் போனது. எங்கள் வாத்தியார் செய்ததும் அதுதானே? ஆனால் அந்தச் சோதனை நடந்தது கணக்குப் பாடத்தில். இங்கிலீஷுக்கு எத்தனை குறிப்பு, எப்போது, எந்த வயதில்? அதைத் தேடுங்கள் ஐயா!

இன்னொரு அநியாயம். 2023-ல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்குச் சொந்தமாக எழுதிய கட்டுரைகளை, ஏ.ஐ. எழுத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்களிடம் கொடுத்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேல் 'இயந்திரம் எழுதியது' என்று முத்திரை விழுந்தது. எளிய சொல்லில் எழுதினால் திருட்டுப் பட்டமா? நம் பிள்ளைக்கு இருப்பதே எளிய சொல்தானே!

முன்வரிசையில் இருக்கும் பேராசிரியர்களே, எங்கள் அரசுப் பள்ளிக்கு வாருங்கள். ஏ.ஐ.யைக் கொடுங்கள், ஆறு மாதம் கழித்து வாங்கிக்கொண்டு பிள்ளையைப் பேசச் சொல்லுங்கள். 'கோயெட்' என்று சொன்னால் சிரிக்காதீர்கள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாசலில் நிற்பேன்.