யவனர் கலமும் உறையூர் ஓடும்

(திருவெறும்பூர்ச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வீட்டில் ஒரு மண்பானை உடைந்தால் அதன் ஓட்டை அள்ளிக் குப்பையிற் கொட்டுவது வழக்கம். அதே ஓட்டை வரலாற்றறிஞன் கையிற் கொடுத்தால், பொன்னினும் மேலாகப் போற்றுவான். பொன்னை உருக்கி மறுபடி வார்த்துவிடலாம். பழைய அணி அடையாளமின்றி அழியும். சுட்ட மண்ணையோ மீண்டும் களிமண்ணாக்க முடியாது. ஈராயிரம் ஆண்டு புதைந்து கிடந்தாலும் ஓடு ஓடாகவே இருக்கும். ஓடு பொய் சொல்வதில்லை. அதனைப் படிப்போர்தாம் பிழைபடுவர்.

மட்கலக் கலை என்றவுடன் மேலை நாட்டார் கிரேக்கரையே முதலிற் சுட்டுவர். அது தகும். ஏதென்சு நகரத்துக் குயவர் தண்ணீர்க் குடம், எண்ணெய்க் குப்பி, தேறல் கலக்கும் தாழி, பருகும் கிண்ணம் என ஒவ்வொரு வீட்டுக் கலத்தின்மேலும் வாழ்க்கையை வரைந்தனர். நீர்த்துறையில் குடத்தோடு நிற்கும் பெண்டிரையும் வரைந்தனர். போர்க்கிடையே காய் நகர்த்தி விளையாடும் இரு மறவரையும் வரைந்தனர். அம்மறவர் ஓவியத்தை வரைந்தவன் எக்செக்கியசு. கி.மு. ஆறாம் நூற்றாண்டினன். அக்கலம் இன்று வாத்திக்கன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் அவன் தன் பெயரையும் பொறித்துள்ளான். மண்ணைத் தொட்டவன் தன் பெயரை எழுத நாணவில்லை என்பதை நெஞ்சிற் கொள்க.

அக்கலங்களின் கருமையும் செம்மையும் வெறுஞ் சாயமல்ல. நுண்ணிய களிமண் குழம்பால் ஓவியத்தை எழுதிச் சூளையில் ஏற்றுவர். முதலில் காற்றை விடுவர். கலம் முழுதும் சிவக்கும். பின்னர்க் காற்றை அடைத்துப் புகையூட்டுவர், முழுதும் கறுக்கும். மூன்றாவதாக மறுபடி காற்றை விடுவர். குழம்பு பூசிய இடம் பளிங்குபோல் இறுகிவிட்டமையால் கறுப்பாகவே நிற்கும். ஏனைய இடம் மீண்டும் சிவக்கும். மண்ணிலுள்ள இரும்பு காற்றுண்டால் சிவப்பதும், காற்றற்றால் கறுப்பதுமே இதன் நுட்பம். கொதிகலன் செய்யும் தொழிலாளர் நிறைந்த திருவெறும்பூருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. காற்றைக் கூட்டலும் குறைத்தலும் அனலின் இயல்பை மாற்றும் என்பது ஈண்டுள்ளார்க்குக் கைவந்த அறிவு.

இந்நுட்பத்தைத் தமிழகக் குயவனும் தன் வழியிற் கண்டிருந்தான். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான கறுப்புச் சிவப்புக் கலம் தமிழகத்து அகழாய்வுகளில் எங்கும் கிடைக்கின்றது. கலத்தைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால், காற்றுப் புகாத உட்புறமும் வாய்விளிம்பும் கறுக்கும். காற்றுப்பட்ட புறம் சிவக்கும். ஒரே கலத்தில், ஒரே சூளையில் இரு நிறம்! கிரேக்கனிடம் கற்றதன்று இது. கிரேக்க வணிகம் இக்கரையைத் தொடுமுன்னரே, பெருங்கற்காலத்து ஈமக் குழிகளிலேயே இக்கலம் உள்ளது.

"ஓவியம் எங்கே?" என வினவுவோரும் உளர். கிரேக்கன் வரைந்தது போன்ற பெருங்கதை ஓவியம் தமிழகக் கலங்களில் இல்லை என்பதை ஒப்புவதில் இழுக்கில்லை. ஆயின் ஒன்று காண்க. பொருநையாற்றங்கரை ஆதிச்சநல்லூரில் 2004-05-இல் நடந்த அகழாய்வில் ஒரு தாழி ஓடு கிடைத்தது. ஒரு பெண், அவளருகே நெற்கதிர், கொக்கு, மான், முதலை ஆகியன களிமண்ணால் உருட்டி ஒட்டிப் புடைப்பாக அதில் அமைந்துள்ளன. ஓர் ஆற்றங்கரை ஊரின் வாழ்வு முழுதும் ஒரு சாண் ஓட்டில் அடங்கிவிட்டது.

இனி உறையூருக்கு வருவோம். திருவெறும்பூருக்கு மேற்கே, இதே காவிரித் தென்கரையில் உள்ள சோழர் பழந்தலைநகர் அது. சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1965 முதல் 1969 வரை அங்கு அகழ்ந்தனர். கறுப்புச் சிவப்புக் கலங்களும், தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளும், செங்கல்லாற் கட்டிய சாயத் தொட்டியும் வெளிப்பட்டன. யவன மாலுமி ஒருவன் எழுதிய செங்கடற் செலவு நூல் 'அர்காரு' என்னும் ஊரின் மெல்லிய துணியைக் கூறுகின்றது. அது உறையூரே என்பர் அறிஞர். நூல் சொன்னதை மண் உறுதி செய்தது.

அங்குக் கிடைத்த இன்னொரு கலம் வேறொரு பாடம் கற்பிக்கின்றது. உட்புறத்து அடியில் வட்டம் வட்டமாக நுண்கீற்றுகள் பதித்த மெல்லிய தட்டு அது. 1945-இல் புதுவைக்கு அருகில் அரிக்கமேட்டை அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், இத்தகைய தட்டைக் கண்டு, நடுநிலக் கடல் நாட்டிலிருந்து வந்ததென எழுதினார். நுண்கீற்றுப் பதிக்கும் வழக்கம் கிரேக்கக் கலங்களில் கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே இருந்ததுதான் கரணியம். அழகியது எனின் அயலது என்னும் எண்ணம் நாற்பதாண்டு நிலைத்தது. 1980-களில் விமலா பெக்லி அம்மையார் மறுத்தாய்ந்து, அது இந்நிலப்பரப்பிலேயே வனைந்தது எனக் காட்டினார்.

உடனே, "எல்லாம் தமிழன் செய்தது" என முழங்கிவிடலாகாது. பின்னர் நடந்த மண்ணாய்வு, அத்தட்டுகளின் மண் கங்கை முகத்துவாரப் பகுதியை ஒத்தது எனக் கூறுகின்றது. எனவே அது யவனன் தட்டும் அன்று. காவிரி மண்ணும் அன்று எனக் கொள்வதே இன்றைய சான்றுக்குப் பொருந்தும். வங்கக் கரையிலிருந்து உறையூர்க்கும் ஈழத்திற்கும் சாவகத் தீவுகட்கும் சென்ற வணிகப் பொருள் அது. இதனால் உறையூருக்கு என்ன குறை? தொலைநிலத்துக் கலத்தில் உண்டவன் செல்வனே ஆவான். பொய்யின்மேற் கட்டிய பெருமை ஓர் ஆய்வு வந்தால் சரியும். மெய்யின்மேற் கட்டியது நூறு ஆய்வு வந்தாலும் நிற்கும். வீலர் செய்த பிழையைத் தமிழர் மறுபுறமாகச் செய்யலாகாது.

மெய்ப்பெருமைக்குச் சான்று வேண்டுமா? எகிப்தின் செங்கடற் கரையில் குசேர் அல்-கதீம் என்னும் பழந்துறை உள்ளது. அங்குக் கிடைத்த உடைந்த சாடி ஒன்றில் தமிழி எழுத்தில் 'பானை ஒறி' என இருமுறை பொறித்திருந்ததை 2007-இல் அறிஞர் அறிவித்தனர். ஐராவதம் மகாதேவன், கயிற்று உறியிலிட்ட பானை என அதற்குப் பொருள் கண்டார். தயிர்ப்பானை தொங்கும் உறி! அரசன் பெயரன்று, கடவுள் பெயரன்று. அடுக்களைச் சொல் ஒன்று கடல் கடந்து எழுத்தில் நிற்கின்றது. அச்சொல் இன்றும் வழங்குகின்றது. ஆயின் பொருளோடு சேர்ந்து மறைந்து வருகின்றது. உறி என்றால் என்ன என்று எத்தனைப் பிள்ளைகட்குத் தெரியும்?

பெருமக்களே! கழகக் காலத்தில் வேட்கோ என்பது குயவர்க்குப் பெயர். கோ என்பது அரசனுக்கும் பெயர். வெண்ணிக் குயத்தியார் எனும் பெண்பாற் பாவலர், வெண்ணியில் வென்ற கரிகாலனை நோக்கி, தோற்று வடக்கிருந்தவன் நின்னினும் நல்லவன் அல்லனோ எனக் கேட்ட பாட்டு புறநானூற்றில் உள்ளது. வேந்தன் முகத்துக்கு நேரே அறங் கூறும் உரிமை மண் வனையும் குடியிற் பிறந்தவர்க்கு இருந்தது.

இன்றோ? அயல்நாட்டு அருங்காட்சியகத்தில் கிரேக்கக் குடத்தைக் கண்டு கண்விரிப்பவர், தம் தெருவில் பானை சுமந்து வரும் முதியவரை "வாடா, போடா" என்கின்றனர். பொங்கல் நாளில் மட்டும் புதுப்பானை வேண்டும். அதற்கும் விலை பேசிக் குறைக்க வேண்டும். ஏனைய நாளெல்லாம் நெகிழிக் குடம். 1969-இல் முடிந்த உறையூர் அகழாய்வின் அறிக்கை நூல் வெளிவந்தது 1988-இல். பத்தொன்பதாண்டு அவ்வோடுகள் பொதுமக்கட்கு ஊமையாய்க் கிடந்தன. அதனை எத்தனை பேர் கேட்டனர்? கேளாத மக்களின் வரலாறு மூட்டையிலேயே கிடக்கும்.

எனவே வேண்டுவன மூன்று. மனைக்குக் கடைக்கால் தோண்டும்போது எழுத்தோ குறியோ உள்ள ஓடு கிடைத்தால், எறியாது தொல்லியல் துறைக்கு அறிவியுங்கள். திருச்சியில் இராணி மங்கம்மாள் அரண்மனையிலுள்ள அரசு அருங்காட்சியகத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். மூன்றாவது, செலவில்லாதது: நாளை தெருவில் பானை விற்க வருபவரை "வாருங்கள் ஐயா" என்றழையுங்கள்.

எக்செக்கியசின் பெயரை ஓடு காத்தது. தமிழ்க் குயவர் பெயரை ஓடு காக்கவில்லை. வாழ்வோரின் வாயேனும் மதிப்போடு சொல்லட்டும்.

வாழ்க தமிழ்!