வாங்காத கடனுக்கு வந்த நோட்டீஸ்

(புனே உறுப்பினர் கூட்டத்தில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



கோத்ரூடில் எங்கள் கட்டடத்தில் ஒரு மாமி இருக்கிறார். கணவர் காலமாகி நாலு வருஷம். போன வருஷம் ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது. கணவரின் கிரெடிட் கார்டில் 38,400 ரூபாய் பாக்கியாம். கூடவே லோக் அதாலத்துக்கு வரச் சொல்லி ஒரு தாள்.

"அண்ணா, அவர் ஜன்மத்துல கடன் வாங்கினதில்லை. ஆனா வாசல்ல ஆள் வந்து நின்னா மானம் போயிடும். ஒரு ஐயாயிரம் கட்டித் தொலைச்சுடட்டுமா?" என்று கேட்டார்.

நம்மவர்களின் இந்தக் கூச்சம்தான் வசூல்காரர்களுக்கு மூலதனம். கட்டாதீர்கள் என்றேன்.

காரணம் உண்டு. 1963-ஆம் வருஷக் காலவரம்புச் சட்டப்படி, இத்தகைய கடனுக்கு வழக்குப் போடப் பொதுவாக மூன்று வருஷம்தான் கெடு. கெடுவுக்குள் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தாலோ, ஒரு பகுதியைக் கட்டி அதற்குக் கையெழுத்துச் சான்று இருந்தாலோ, மூன்று வருஷம் மறுபடி ஆரம்பம். கெடு தாண்டிய பிறகும், 'தருகிறேன்' என்று கையெழுத்திட்டால் செத்த கடனுக்கு உயிர் வந்துவிடும்.

அதற்காக நோட்டீஸைப் பரணில் போடவும் கூடாது. நோட்டீஸில் உள்ள நம்பரை விட்டுவிட்டு, வங்கிக்கே ஸ்பீட் போஸ்டில் எழுதினோம். 'இந்தக் கடனை நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. விண்ணப்பத்தின் நகல், கணக்கு விவரம், ஏஜென்ஸிக்கு நீங்கள் கொடுத்த அதிகாரக் கடிதம் ஆகியவற்றை அனுப்பவும்.' அவ்வளவுதான். ஆதார், பான் நகல் எதையும் ஏஜென்டுக்குக் கொடுக்கவில்லை.

பதில் வந்தது. பெயர் ஒன்றுதான். பிறந்த தேதி வேறு, பான் எண் வேறு! நமக்கோ இனிஷியல் மட்டும்தான். மகாராஷ்டிரத்தில் படிவம் 'ஆட்நாவ்' கேட்கும். அப்பா பெயரை எழுதிவிடுவோம். வெறும் பெயரை வைத்துத் தேடினால் ஆயிரம் சுப்பிரமணியன்கள் அகப்படுவார்கள்.

லோக் அதாலத் தாள் நிஜமா என்று சிவாஜிநகர் மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணையத்தில் விசாரிக்கலாம். இரு தரப்பும் சம்மதிக்காமல் அங்கே தீர்ப்பு கிடையாது. ஆனால் சமரசத்தில் கையெழுத்திட்டால் அது கோர்ட் டிக்ரிக்குச் சமம், அப்பீல் இல்லை. கோர்ட் சம்மன் என்றால் விஷயமே வேறு. தவறாமல் ஆஜராக வேண்டும்.

இன்னொரு வகை, நம் பான் எண்ணில் வேறொருவர் கடன் வாங்குவது. நடிகர் ராஜ்குமார் ராவ் பெயரிலேயே யாரோ 2,500 ரூபாய் கடன் வாங்கிவிட்டதாக 2022 ஏப்ரலில் அவர் புகார் சொன்னார். சிபில் உள்ளிட்ட நான்கு நிறுவனங்களும் வருஷத்துக்கு ஒரு முறை இலவச அறிக்கை தர வேண்டும். தெரியாத கடன் இருந்தால் அங்கும் வங்கியிலும் ஆட்சேபம் எழுதுங்கள்; 1930-க்கும் புகார் சொல்லுங்கள். ஆட்சேபத்தை 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு என்பது 2024 ஏப்ரல் 26 முதல் விதி. வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை.

போனில் மிரட்டினால் பயப்படாதீர்கள். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது, உறவினரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி கண்டித்துச் சொல்லியிருக்கிறது. கடன் ஆப்களுக்காக இதே புனேயில் நடந்த ஒரு கால் சென்டரில்தான் 2020 டிசம்பரில் தெலங்கானாவின் ராச்சகொண்டா போலீஸார் நுழைந்து, ஒரு சீனப் பெண் உள்பட சிலரைக் கைது செய்தார்கள்.

கடைசியாக ஒன்று. 'அப்பா கடன் பிள்ளை தலையில்' என்பது நமக்குத் தர்மம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2005 செப்டம்பர் 9-க்குப் பிறகு வாங்கிய கடனுக்கு, பிள்ளை என்ற ஒரே காரணத்தால் பொறுப்பு வராது. அவர் விட்டுப்போன சொத்து நம் கைக்கு எவ்வளவு வந்ததோ, அந்த அளவுக்குத்தான். நிஜமான கடனாக இருந்தால் மனசாட்சிப்படி செய்யுங்கள்; அது வேறு.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகள், இன்றே அப்பா அம்மாவுக்குப் போன் செய்து ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "எந்த நோட்டீஸ் வந்தாலும், கட்டறதுக்கு முன்னாடி எங்களைக் கேளுங்கோ."