தன் பெயரில் ஒரு கணக்கு

(மல்வேர்னில் பெற்றோருக்கும் இளையோருக்குமாக ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மல்வேர்னில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றை மனத்தில் நிறுத்திப் பாருங்கள். தந்தைக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. தாய்க்குப் பகுதிநேர வேலை. பல்கலைக்கழகத்தில் பயிலும் மகள், வார இறுதிகளில் நீல்சன் வீதியும் ரப்ஸ்கொட் வீதியும் சந்திக்கும் இடத்திலுள்ள அங்காடியில் பணிபுரிகிறாள். அப்பம்மாவுக்கு முதியோர் ஓய்வூதியம் வருகிறது. நால்வருக்கும் வருமானம் உண்டு. ஆனால் வங்கி அட்டைகள் அனைத்தும் தந்தையின் பணப்பையில். இரகசிய எண்கள் அனைத்தும் தந்தையின் நினைவில்.

இதில் எவரும் எவரையும் ஏமாற்றவில்லை. ஊரில் இருந்த வழக்கம் இங்கும் தொடர்கிறது, அவ்வளவுதான். எனினும், அந்தத் தந்தை ஒருநாள் திடீரென மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டால் என்ன நிகழும்? வீட்டுக்கடன் எந்தத் திகதியில், எந்தக் கணக்கிலிருந்து கழிக்கப்படுகிறது என்பது தாய்க்குத் தெரியாது. மகளின் படிப்புக் கட்டணத்துக்குரிய பணத்தை மகளாலேயே எடுக்க இயலாது. எனவே, வீட்டிலுள்ள வயதுவந்த ஒவ்வொருவருக்கும் தம் பெயரில், தாமே இயக்கும் ஒரு கணக்கு இருத்தல் வேண்டும். இது குடும்பத்தைப் பிரிக்கும் செயலன்று. குடும்பத்தைக் காக்கும் செயலாகும்.

கணக்குத் திறப்பது சலுகையன்று, உரிமை

வேலை இல்லை, வைப்பிலிடப் பணம் இல்லை, முன்னர் முறிவடைந்தவர் என்னும் காரணங்களைக் காட்டி ஒருவருக்குக் கணக்கை மறுக்க கனடாவின் வங்கிகளுக்கு உரிமை இல்லை. வங்கிச் சட்டத்தின் கீழ் 2003 ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட ஒழுங்குவிதிகள் இதனை உறுதிசெய்தன. இன்றும் அவ்வுரிமை நிலைத்திருக்கிறது. ஏற்கத்தக்க அடையாள ஆவணங்களுடன் நேரில் செல்ல வேண்டும். நிரந்தர வதிவிட அட்டை மட்டுமன்றி, அகதிக் கோரிக்கையாளருக்கு வழங்கப்படும் ஆவணமும் ஏற்கத்தக்கதே. மோசடி நோக்கம் பற்றிய ஐயம், பொய்த் தகவல், ஊழியரை அச்சுறுத்தல் போன்ற சில காரணங்களுக்காக மட்டுமே வங்கி மறுக்கலாம். மறுத்தால் அதனை எழுத்தில் தருமாறு கேளுங்கள்.

முறைப்பாட்டுக்கு வங்கி 56 நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அம்முடிவு நியாயமற்றது எனத் தோன்றினால், வங்கிகளுக்கும் முதலீடுகளுக்குமான குறைகேள் அதிகாரி அலுவலகத்துக்கு அதனைக் கொண்டுசெல்லலாம். 2024 நவம்பர் முதல் எல்லா வங்கிகளுக்கும் அந்த ஓர் அலுவலகமே பொதுவானது. கட்டணம் எதுவும் இல்லை.

எதனைத் தெரிவது?

நம்மவர் பலர் கிளையில் தமிழில் பேசும் ஊழியர் இருக்கிறாரா என்பதையே முதலில் பார்க்கிறார்கள். அது நல்ல காரணம். ஆனால் போதிய காரணமன்று. முதலில் ஒரு மாதத்தில் எத்தனை முறை அட்டையைப் பயன்படுத்துகிறோம், எத்தனை முறை பணம் அனுப்புகிறோம், காசோலை எழுதுகிறோமா என்பவற்றை எண்ணிப் பாருங்கள். மாதம் 16 டொலர் கட்டணமுள்ள கணக்குக்கு ஆண்டுக்கு 192 டொலர் செல்கிறது. 4 டொலர் கணக்குக்கு 48 டொலர்தான். பெரிய வங்கிகள் 4 டொலருக்கு மிகாத அடிப்படைக் கணக்கை வழங்குவதாக 2014 இல் அரசுடன் உடன்பட்டன. இளையோருக்கும், மாணவருக்கும், வருமான உத்தரவாத மேலதிகக் கொடுப்பனவு பெறும் முதியோருக்கும் அக்கணக்கு இலவசம். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். பெரும்பாலும் ஊழியர் தாமாகச் சொல்வதில்லை.

கனடா நிதி நுகர்வோர் முகவரகத்தின் இணையத்தளத்தில் கணக்குகளை ஒப்பிட்டுப் பார்க்கும் கருவி இருக்கிறது. அது ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலுமே உள்ளது. ஆகவே பிள்ளைகள் அருகே அமர்ந்து பெற்றோருக்கு விளக்க வேண்டும். அந்த ஒரு மணிநேரத்தில் இரு தலைமுறையும் கற்கும்.

வைப்பின் பாதுகாப்பையும் பாருங்கள். கனடா வைப்புக் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் அளிக்கும் காப்பு 2005 ஆம் ஆண்டில் 60,000 டொலரிலிருந்து 100,000 டொலராக உயர்த்தப்பட்டது. ஒன்ராறியோவின் கடன் சங்கங்களில் வைப்பிலிடும் பணத்துக்கு மாகாணக் காப்பு 250,000 டொலர் வரை உண்டு. சீட்டுக்கு இவ்வாறான காப்பு எதுவும் இல்லை என்பதனையும் நினைவிற் கொள்ளுங்கள்.

தாய்மாருக்கும் முதியோருக்கும்

பிள்ளை நலக் கொடுப்பனவு பெரும்பாலும் தாயின் பெயரிலேயே வழங்கப்படுகிறது. அப்பணம் அவர் தாமே இயக்கும் கணக்குக்குச் செல்வதே முறை.

முதியோர் பலர் வசதி கருதி ஒரு பிள்ளையின் பெயரைத் தம் கணக்கில் சேர்க்கின்றனர். கூட்டுக் கணக்கில் பொதுவாக இருவருள் எவரும் முழுப் பணத்தையும் எடுத்துவிடலாம். மரணத்தின் பின் அது அந்தப் பிள்ளைக்கே உரியதா, எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதா என்னும் வழக்கு கனடாவின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பெற்றோர் கைம்மாறின்றி வயதுவந்த பிள்ளையின் பெயரைச் சேர்த்திருந்தால், அது கொடையென நிறுவப்படாதவிடத்து, பெற்றோரின் சொத்துக்காகவே பிள்ளை அதனை வைத்திருப்பதாகக் கருதப்படும் என 2007 இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே நோக்கம் என்ன என்பதை எழுத்தில் வையுங்கள். பின்னர் சகோதரர் பகைக்கும் நிலை வராது.

இளையோருக்கு ஒரு சொல்

"உன் கணக்கையும் அட்டையையும் இரண்டு நாள்களுக்குத் தா, முந்நூறு டொலர் தருகிறேன்" என்று ஒருவர் கேட்கக்கூடும். கேட்பவர் பாடசாலை நண்பராகவும் இருக்கலாம். பின்னர் போலிக் காசோலை ஒன்று அக்கணக்கில் இடப்படும், பணம் எடுக்கப்படும், காசோலை திரும்பும். கடன் உங்கள் தலையில் விழும். வங்கி கணக்கை மூடும், காவற்துறை விசாரிக்கும். மோசடிப் பதிவு இருந்தால், மேலே கூறிய உரிமையே உங்களுக்கு மறுக்கப்படலாம். பதினெட்டு வயதில் இழந்த நற்பெயர் முந்நூறு டொலருக்கு மீளாது. கணக்கு என்பது உங்கள் கையொப்பம். அதனை இரவல் கொடுக்காதீர்கள்.

பெற்றோரே, இளையோரே, இன்று வீடு திரும்பியதும் கடந்த மாத வங்கிக் கூற்றை உணவு மேசையில் விரியுங்கள். கட்டணம் எவ்வளவு என ஒன்றாக வாசியுங்கள். வீட்டில் எவருக்குத் தம் பெயரில் கணக்கு இல்லை எனக் கேளுங்கள். அவரை அடுத்த வாரமே வங்கிக்கு அழைத்துச் செல்லுங்கள். அருகில் நில்லுங்கள், ஆனால் படிவத்தில் அவரே கையொப்பமிடட்டும், இரகசிய எண்ணை அவரே தெரிவு செய்யட்டும்.