யானைப் பாகன் மகன்



கொச்சிக்கு வரும் தமிழர் எவரும் மட்டாஞ்சேரியிலுள்ள ஜூ டவுனைப் பாராமல் திரும்புவதில்லை. டச்சு அரண்மனையின் அண்மையில் தொடங்கி, மணிக்கூண்டோடு கூடிய யூதர் ஆலயத்தில் சென்று முடியும் குறுகிய தெரு அது. 1568-ஆம் ஆண்டில் எழுந்த அவ்வாலயத்திற்குப் பரதேசி ஆலயம் என்று பெயர். அங்கே பரதேசி என்றால் பிற தேசத்திலிருந்து வந்தவர் என்ற அளவே பொருள். நம் தமிழிலோ அச்சொல் உடனே கையில் ஒரு திருவோட்டையும் கொடுத்துவிடுகிறது! பெயரைக் கேட்டதும் நமக்கு நகைப்பு வருகிறது. பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்த நம்மனோர்க்கு, நகைத்து முடித்தபின் சிறிது சிந்தனையும் வருவதுண்டு.

மிளகும் சுக்கும் மணந்த அத்தெருவில் வாழ்ந்த யூதருள் பெரும்பாலோர், 1948-இல் இஸ்ரேல் நாடு தோன்றிய பின்னர், படிப்படியாக அங்குக் குடியேறிவிட்டனர். பண்டகசாலைகள் பலவும் இன்று பழம்பொருட் கடைகளாக மாறியிருக்கின்றன. பித்தளை விளக்கு, மரப்பெட்டி, பீங்கான் இவற்றினிடையே சிறிதும் பெரிதுமாக யானைப் பொம்மைகள் நிற்கும். வெளிநாட்டார் விரும்பி வாங்கும் பொருள்களில் யானையும் ஒன்று. கழுத்தில் பாகன் அமர்ந்த யானையைக் காணும்போதெல்லாம், அவ்வாறே கடல் கடந்து சென்ற ஓர் உயிருள்ள பாகச் சிறுவனின் நினைவு நமக்கு எழுகிறது. அமெரிக்கப் படவுலகம் சிறந்திருந்த காலத்தில் அங்குப் புகழ் பெற்ற சாபு என்ற அச்சிறுவனைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

கேரளத்து வயநாட்டு மலைகளில் பிறந்து கிழக்கே ஓடும் கபினி ஆறு, மைசூர்க் காடுகளைக் கடந்து, திருமுக்கூடல் நரசிபுரத்தில் காவிரியோடு கலக்கிறது. தஞ்சை வயல்களில் பாயும் நீரில் கபினியின் நீரும் உண்டு. அவ்வாற்றங்கரையில் காரபுரம் என்னும் ஊரில் 1924-ஆம் ஆண்டு சாபு பிறந்தார். தந்தை மைசூர் மகாராஜாவின் யானைகளைப் பராமரித்த பாகர். அவர் மறைந்தபின் சிறுவன் அரண்மனை யானைக் கொட்டாரத்தின் ஆதரவில் வளர்ந்தான். நூல்கள் பலவற்றில் அவருடைய பெயர் சாபு தஸ்தகீர் என்று காணப்படும். தஸ்தகீர் என்பது உண்மையில் அவருடைய தமையனாரின் பெயர். திரையில் அவர் தோன்றியது சாபு என்ற ஒற்றைப் பெயரோடுதான்.

ஆவணப் படங்களால் புகழ் பெற்ற ராபர்ட் பிளாஹர்ட்டி என்ற அமெரிக்கர், லண்டன் தயாரிப்பாளரான அலெக்சாண்டர் கோர்டாவுக்காக 1935-இல் மைசூருக்கு வந்தார். கிப்ளிங் எழுதிய யானைக் கதை ஒன்றைப் படமாக்குவது நோக்கம். யானையை அஞ்சாது ஆளும் சிறுவன் ஒருவனைத் தேடியபோது, கொட்டாரத்தில் சாபு கிடைத்தான். ஆங்கிலம் அறியாத அவனைத் தமையனாரோடு இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்று, எஞ்சிய காட்சிகளை டென்ஹாம் படப்பிடிப்பு நிலையத்தில் எடுத்தனர். ‘எலிபெண்ட் பாய்’ என்ற அப்படம் 1937-இல் வெளிவந்தது. பிளாஹர்ட்டியும் ஸோல்டான் கோர்டாவும் அவ்வாண்டு வெனிஸ் விழாவில் சிறந்த இயக்கத்திற்குரிய பரிசைப் பெற்றனர். ஆயினும் கண்டோர் மனத்தில் நின்றவன் சிறுவனே. அவன் நடித்தான் என்று சொல்வதைக் காட்டிலும், தன் யானையோடு இருந்தான் என்று சொல்வதே பொருந்தும்.

அதே 1937-இல் நம் தமிழ்நாட்டிலும் ஒரு குழந்தை திரையில் தோன்றி உள்ளங்களைக் கவர்ந்தது. கே. சுப்பிரமணியம் இயக்கிய ‘பாலயோகினி’யில் நடித்த பேபி சரோஜாதான் அக்குழந்தை. அக்காலத்தில் பிறந்த பெண் குழந்தைகள் பலருக்குச் சரோஜா என்ற பெயர் வாய்த்ததற்கு அவரே காரணம். ‘தியாகபூமி’யிலும் ‘காமதேனு’விலும் நடித்தபின் அவர் திரையை விட்டு விலகி இல்வாழ்வை மேற்கொண்டார். அவருக்குத் திரும்பிச் செல்ல வீடு இருந்தது. சாபுவுக்கு அத்தகைய வீடு எது?

இரண்டாவது படமான ‘தி டிரம்’ 1938-இல் வந்தது. வடமேற்கு எல்லைப்புறத்தில், ஆங்கிலேயருக்குத் துணை நிற்கும் இளவரசன் வேடம் அதில் அவருக்கு. பம்பாயிலும் சென்னையிலும் அப்படத்திற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்ப்பு நியாயமானதே. ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளை தான் உடுத்திய வேடத்தின் அரசியலை எவ்வாறு அறிவான்? தாய்நாட்டாரின் முதற்பெரும் சினத்தை, அவர்களை விட்டு வெகுதூரத்தில் இருந்தபோது அவர் அடைந்தார் என்பதை எண்ணும்போது நமக்கு வருத்தமே மேலிடுகிறது.

‘பாக்தாத் திருடன்’ படம் இங்கிலாந்தில் தொடங்கிப் போரின் காரணமாக ஹாலிவுட்டில் நிறைவெய்தியது. 1940-இல் வெளியான அப்படம் மூன்று ஆஸ்கார் பரிசுகளைப் பெற்றது. எம்.ஜி.ஆர். நடித்து 1960-இல் வந்த தமிழ்ப் படத்தின் பெயரைக் கேட்டவுடன் இதனை நினைத்த பெரியவர்கள் இருந்திருப்பர். பூதத்தைப் புட்டியில் மீண்டும் அடைக்கும் அபு என்ற குறும்புத் திருடனாகச் சாபு அதில் விளையாடுகிறார். விளையாடுகிறார் என்ற சொல்லே தகும். 1942-இல் ‘ஜங்கிள் புக்’கில் மௌக்லியாக வந்தார். அதன்பின் அமெரிக்காவில் யுனிவர்சல் நிறுவனத்தின் ஒப்பந்தம் கிடைத்தது.

இங்கேதான் அவருடைய இன்னல் தொடங்குகிறது. ‘அரேபியன் நைட்ஸ்’, ‘ஒயிட் சாவேஜ்’, ‘கோப்ரா உமன்’ என அடுத்தடுத்துப் படங்கள் வந்தன. நாயகனும் நாயகியும் வேறு இருவர். சாபு அவர்களுக்கு உற்ற தோழன். அராபியனாகவோ தீவுவாசியாகவோ, அரையில் துணியோ தலையில் பாகையோ அணிந்து, இருபது வயதை எட்டிய இளைஞர் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் புன்னகையைத் தொடர்ந்து புரிய வேண்டியிருந்தது. சார்லி சாப்ளினோடு ‘தி கிட்’டில் நடித்த ஜாக்கி கூகன், வளர்ந்தபின் தன் ஊதியத்தின் பெரும்பகுதியைத் தாயும் மாற்றுத் தந்தையும் செலவிட்டுவிட்டதை அறிந்து 1938-இல் வழக்காடினார். அதன் விளைவாகக் கலிபோர்னியாவில் 1939-இல் குழந்தை நடிகரின் பொருளைக் காக்கச் சட்டம் பிறந்தது. பணத்தைக் காக்கச் சட்டம் இயற்றலாம். ஆனால் வளர்வதற்குரிய உரிமையை எந்தச் சட்டத்தால் கேட்பது?

1944-இல் சாபு அமெரிக்கக் குடியுரிமை பெற்று விமானப் படையில் சேர்ந்தார். இந்தியருக்குப் பொதுவாகக் குடியுரிமை வழங்க அந்நாடு சட்டம் செய்தது 1946-இல்தான் என்பதை நேயர்கள் கருத வேண்டும். பி-24 என்னும் குண்டுவீச்சு விமானத்தின் வாற்புறத்தில் அமர்ந்து துப்பாக்கி இயக்கும் பணி அவருக்கு. பசிபிக் போர்முனையில் பன்முறை பறந்து, வீரத்திற்குரிய உயர்ந்த பறத்தற் பதக்கத்தைப் பெற்றார். அங்கே அவரை எவரும் சிறுவனாக நடத்தவில்லை.

போர் முடிந்து திரும்பியவருக்கு 1947-இல் ‘பிளாக் நார்சிசஸ்’ என்ற நல்ல படம் ஒன்று கிட்டியது. இமயமலைக் கதை, எடுக்கப்பட்டதோ இங்கிலாந்தில். நறுமணம் பூசி, பட்டுடுத்தி, படிக்க வந்து காதலில் வீழும் இளந்தளபதியாக அவர் நடித்ததைப் பார்க்கின், வளர்ந்த மனிதரின் வேடங்களுக்கும் அவர் தகுதியுடையவரே என்பது விளங்கும். அதற்குப் பின் படங்கள் மெலிந்தன. 1950-களின் தொடக்கத்தில் லண்டனில் சர்க்கஸ் ஒன்றில் மறுபடியும் யானைகளோடு தோன்றினார்.

ஒரு வாசல் மட்டும் திறக்க இருந்தது. மெஹ்பூப் கான் ‘மதர் இந்தியா’ எடுக்கத் திட்டமிட்டபோது, பிர்ஜூ என்ற இளைய மகனின் வேடத்திற்குச் சாபுவைக் கருதினார். அமெரிக்கக் குடிமகனாகிவிட்ட அவருக்கு இந்தியாவில் பணிபுரிய அனுமதி கிட்டாமற் போனதாகத் திரைப்பட வரலாறு கூறுகிறது. அவ்வேடம் சுனில் தத்தை அடைந்தது. படம் 1957-இல் வெளிவந்தது. உலகெங்கும் இந்தியச் சிறுவன் என்று அறியப்பட்டவர், இந்தியப் படம் ஒன்றிலேனும் நடித்தாரில்லை. பரதேசி என்ற சொல்லின் இரு பொருள்களும் நமக்கு இங்கே ஒருசேர நினைவுக்கு வருகின்றன.

1960-இல் ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயருக்கு ஒரு நட்சத்திரம் பதிக்கப்பட்டது. 1963 டிசம்பர் 2-ஆம் நாள், கலிபோர்னியாவில், மாரடைப்பால் காலமானார். வயது முப்பத்தொன்பது. மனைவியும் மக்கள் இருவரும் இருந்தனர். வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் ‘எ டைகர் வாக்ஸ்’ மறு ஆண்டு வெளியாயிற்று. அதில் அவருடைய வேடம், சர்க்கஸ் புலியைப் பழக்கும் இந்தியர்.

‘எலிபெண்ட் பாய்’ படத்தைக் காண வாய்ப்புக் கிடைப்பின், நேயர்கள் கதையைச் சிறிது மறந்து, மைசூரில் எடுத்த பகுதிகளைக் கவனிக்க வேண்டுகிறோம். கபினியில் 1974-இல் அணை எழுந்தபின் அக்காட்டுப் புறத்தில் பெருநிலம் நீருள் ஆழ்ந்துவிட்டது. அணைக்கு முந்திய மைசூர்க் காட்டையும், நீராடும் யானைகளையும், யானையின் கழுத்தில் கால்களை இறுக்கி அமர்ந்திருக்கும் பதினொரு வயதுப் பிள்ளையையும் இன்று அப்படத்தில் காணலாம்.