புத்தக எண்ணும் அதன் பயனும்

மாட்டுக்கு நோய் கண்ட நாளில், அதற்குரிய புத்தகம் நூல்நிலைய அலமாரியில் இருந்தும் கைக்கு அகப்படாவிடில், அஃது இல்லாததற்கே சமானமாகும். இக்குறையைப் போக்கவே புத்தகத்தின் முதுகில் எண் இடப்படுகிறது.

அமெரிக்கராகிய மெல்வில் டூயி 1876-ஆம் ஆண்டில் வெளியிட்ட தசாம்ச முறையில், அறிவுத் துறைகள் யாவும் பத்து வகுப்புகளாகப் பிரிக்கப்பெற்றன. அம்முறையில் 334 கூட்டுறவு, 630 விவசாயம், 633.18 நெல், 636.2 மாடு. இலக்கம் நீள நீள விஷயம் நுட்பமாகும். எண்ணின் அடியிலுள்ள எழுத்துகள் பெரும்பாலும் ஆசிரியர் பெயரைக் குறிக்கும்.

புள்ளிக்குப் பின் வருவது தசாம்சமாதலின், 633.18 முன்னும் 633.2 பின்னும் நிற்கும். இதனை மறந்து புத்தகத்தை மாற்றி வைப்பின், அடுத்து அதனை நாடி வரும் குடியானவர் வெறுங்கையுடன் திரும்ப நேரிடும். ஆதலின், எடுத்தவர் எண் பார்த்து உரிய இடத்திலேயே வைப்பாராக.